படம் எடுத்தால் போதுமா?

வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் கண்டு வியந்தவர்கள் நாம். சென்ற ஆண்டு ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஆறு ஸ்லைடுகள் தயாரித்தோம். அவற்றில் சீட்டு ஒட்ட மறந்தோம். எதில் எந்தச் சாயம் இட்டோம் என்பது எவருக்கும் நினைவில்லை. சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை, “மீண்டும் செய்யுங்கள்” என்று மட்டும் சொன்னார். ஆறு ஸ்லைடுகளுக்கே இப்பாடு என்றால், ஆயிரக்கணக்கான செல் படங்களை ஆராயும் அறிஞர்களின் நிலை என்ன?

புதிய மருந்து தேடும் அறிஞர்கள், உள்ளங்கையளவுத் தட்டு ஒன்றில் 384 சிறு குழிகளில் செல்களை வளர்க்கின்றனர். குழிக்கு ஒன்றாக வேதிப்பொருள்களை இட்டு, சாயமேற்றி, தானே இயங்கும் நுண்ணோக்கியால் படம் எடுக்கின்றனர். 2016ஆம் ஆண்டில் விரிவான செய்முறை வெளியான ‘செல் பெயின்டிங்’ முறையில் ஆறு சாயங்கள் உண்டு. ஒளியை மாற்றி மாற்றி ஒரே இடத்தை ஐந்து முறை படம் எடுப்பர். குழிக்கு ஒன்பது இடங்கள் என்றால், ஒரு தட்டுக்கு மட்டும் 384 × 9 × 5 = 17,280 படங்கள்!

இவற்றை மனிதக் கண் பார்த்து முடிக்குமோ? கணிப்பொறியே பார்க்கிறது. ஆன் கார்ப்பென்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணி உயிரியல் பயின்றவர். தேவை கருதிக் கணிப்பொறி நிரல் எழுதத் தாமே கற்றுக்கொண்டார். அவரும் உடன் உழைத்தோரும் உருவாக்கிய ‘செல்புரொஃபைலர்’ என்னும் மென்பொருள் பற்றிய கட்டுரை 2006இல் வெளியாயிற்று. அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அது முதலில் உட்கருவைக் கண்டறியும். பின்னர் செல்லின் எல்லையை வரையும். அதன்பின் அளவு, வடிவம், சாயத்தின் செறிவு என்று ஒவ்வொரு செல்லையும் அளந்து எண்களாக்கும். ‘செல் பெயின்டிங்’ முறையில் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 1,500 அளவுகள் கிடைக்கின்றன.

எண்கள் குவிந்தால் உண்மை கிடைத்துவிடுமா? இல்லை. தட்டின் ஓரக் குழிகளில் நீர் விரைவில் ஆவியாகும்; அதனால் அங்குள்ள செல்கள் மாறிப்போகும். அம்மாற்றத்தை மருந்தின் செயல் என்று நம்பிவிட்டால், பயனற்ற பொருளின் பின்னே ஆண்டுக்கணக்கில் உழைப்பு வீணாகும். மாறாக, நோய் தீர்க்கக்கூடிய ஒரு பொருள் கவனிக்கப்படாமல் போகவும் கூடும். ஆகவேதான் மருந்து இடாத குழிகளையும் அதே தட்டில் வைத்து ஒப்பிடுவர். மங்கலான படங்களை விலக்குவர். மூலப் படத்தை மாற்றாமல் காத்து, திருத்தங்களைப் பிரதியில் மட்டுமே செய்வர். எந்தத் தட்டு, எந்தக் குழி, எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாள் என்ற குறிப்புகளைப் படத்தோடு சேர்த்தே வைப்பர். குறிப்பை இழந்த படம், முகவரி இல்லாத கடிதம் போன்றதே!

தோழியரே, விலை உயர்ந்த கருவி நம்மிடம் இல்லை. ஆனால் அந்த அறிஞர்களின் முதற்பாடம் நமக்கும் எட்டும். இப்பொழுதெல்லாம் நாங்கள் சீட்டு ஒட்டிய பிறகே ஸ்லைடைக் கையில் எடுக்கிறோம். நீங்களும் அவ்வாறே செய்வீர்கள் அல்லவா?

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு