நின்றால் குலுங்கும் பொறி

சாலை விளக்கருகே நிற்கையில் குலுங்கும் மோட்டார் வண்டி, விரைந்தோடுகையில் அமைதியாகச் செல்வதுண்டு. குற்றம் நீங்கிற்றென்று கொள்ளற்க. நிற்கையில் காற்றை உள்விடும் இதழ் ஏறக்குறைய மூடியிருக்கும். பொறி உறிஞ்சும் காற்று மிகக் குறைவு. இதழுக்கு அப்பாலுள்ள ரப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருப்பினும், அளவுகருவி அறியாத காற்று அதன்வழிப் புகுந்து பெட்ரோல் கலவையை நலிவிக்கும். விரைவிலோ, பெருங்காற்றின் நடுவே அச்சிறு கசிவு ஒரு பொருட்டன்று.

இஃதறியாது பிளக்குகளையெல்லாம் மாற்றி வெள்ளியைத் தொலைப்போர் உளர். குழாய்களருகே சீறும் ஒலி எழுகிறதா என்று முதலில் கேட்டல் வேண்டும். சுழலும் விசிறிக்குக் கை எட்டாதிருக்கட்டும். ஒலியில்லையேல், பட்டறைக்காரர் ஒவ்வொரு சிலிண்டராகப் பெட்ரோல் தெளிப்பானின் மின்னிணைப்பைக் கழற்றி மாட்டுவர். எதனைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அச்சிலிண்டரே முன்னமே உறங்கிக் கிடப்பது. அதன் பிளக்கு, மின்சுருள், தெளிப்பான் மூன்றையும் சோதித்தல் தகும்.