குளிர்காலமும் பவுலின் மேலங்கியும்



நம் ஊரில் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். பிழைப்பினிமித்தம் டில்லிக்குக் குடும்பமாய் வந்திருக்கும் நீங்களோ, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய வேறொரு குளிரைச் சந்திக்கிறீர்கள். 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகல் வெப்பமே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 2021 புத்தாண்டுக் காலையில் அது 1.1 டிகிரிக்கு இறங்கியது.

பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லுகிறார். குளிர்காலம் தொடங்குமுன் வந்துவிடவும் வேண்டுகிறார். மரணத்துக்கு அஞ்சாத அந்த ஊழியர், மேலங்கி கேட்க வெட்கப்படவில்லை. சரீரத்தைப் பேணுவது அவிசுவாசமல்ல.

ஆனால் குளிரைவிடக் கொடிய ஆபத்தொன்று உண்டு. கதவு ஜன்னல்களை அடைத்து, அங்கீட்டியில் கரி மூட்டி, பிள்ளைகளோடு படுத்தவர்கள் காலையில் விழிக்காமற்போன செய்தி குளிர்காலந்தோறும் வட இந்திய நாளிதழ்களில் வருகிறது. காரணம், கரிநெருப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாய் ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கை தரும். உறங்குகிறவரோ உணராமலே நினைவிழப்பார்.

ஆகையால் அங்கீட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுவராதிருங்கள். வெளியே குளிர்காய்ந்து, நெருப்பை அங்கேயே அணைத்துவிடுங்கள். சாம்பல் பூத்த கரியும் இந்த நச்சுவாயுவை வெளிவிடும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்று வந்துபோக வழியிருக்கட்டும். மின்சார ஹீட்டரைத் துணிகளுக்கு அருகில் வைக்காமல், உறங்குமுன் நிறுத்திவிடுங்கள். எவரேனும் மயங்கினால், உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 112-ஐ அழையுங்கள். ஜெபித்துக்கொண்டே அழையுங்கள், ஜெபித்து முடித்தபின் அழைக்கலாமென்று காத்திராதேயுங்கள்.

தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, ஒன்றின்மேல் ஒன்றாய் அணியும் இரண்டு மூன்று உடைகள் வெப்பத்தை நன்றாய்க் காக்கும். பிள்ளைகளின் தலையையும் பாதங்களையும் மூடுங்கள். குளிரில் இரத்த அழுத்தம் ஏறுவதுண்டு. ஆகவே ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோர் மருந்தைத் தவறவிடாமலும், விடியற்கால மூடுபனியில் நடக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. புதிதாய் வந்த குடும்பம் கரி மூட்டுவது அறியாமையால் மட்டுமல்ல. ரஜாய் வாங்கப் பணமில்லாமலும், கேட்கக் கூச்சப்பட்டும் மூட்டுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபைக்குப் புதிதாய் வந்தவர்களிடம், "இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள். உங்கள் பெட்டியில் சும்மா கிடக்கும் ரஜாயை அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுங்கள். பவுலின் மேலங்கியைச் சுமந்துவர ஒரு தீமோத்தேயு தேவைப்பட்டான்.

கர்த்தர்தாமே இக்குளிர்காலத்தில் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக. ஆமென்.