சைக்கிள் கம்ப்யூட்டர் சொல்லும் ஏற்றம்

"எந்த ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் பார்ப்பது, திரையில் மேப் கலராகத் தெரியுதா என்பதைத்தான். நான் முதலில் கேட்பது வேறு. அதில் பாரோமீட்டர் இருக்கா?

காரணம் இருக்கு. தட்டையான ஈசிஆரில் 200 கிமீ ஓட்டுவதும், அதே 200 கிமீயை 2,500 மீட்டர் ஏற்றத்தோடு ஓட்டுவதும் ஒன்றல்ல. 200 கிமீ பிஆர்எம்முக்கு 13 மணி 30 நிமிடம்தான் கெடு. எவ்வளவு சாப்பிட வேண்டும், எங்கே மூச்சு வாங்கலாம், கெடுவுக்குள் முடிக்க முடியுமா என்பதெல்லாம் ஏற்றத்தைப் பொறுத்தது. ஆனால் கருவிக்குக் கருவி அதிகமாக முரண்படும் எண்ணும் இதேதான். ஒரே ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிய இருவர், டீக்கடையில் உட்கார்ந்து 1,100 என்றும் 1,600 என்றும் சண்டை போடுவது சகஜம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிமீ உயரத்தில் சுற்றுகின்றன. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று இருந்தால், ஒன்றின் பிழையை இன்னொன்று ஓரளவு சரிக்கட்டும். உயரத்துக்கு அந்த வசதி கிடையாது. நமக்குக் கீழே இருக்கும் செயற்கைக்கோள்களைப் பூமியே மறைத்துவிடுகிறது. கிடைப்பதெல்லாம் தலைக்கு மேலே இருப்பவை மட்டும். அதனால் உயரத்தில் வரும் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையைவிடப் பெரிது.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, டபிள்யூஜிஎஸ்84 என்ற வழவழப்பான, சற்றே நசுங்கிய கணிதக் கோளத்திலிருந்து. உண்மையான கடல்மட்டமோ புவியீர்ப்பைப் பொறுத்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. உலகிலேயே அதன் ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, சுமார் 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் வாழ்கிறோம். திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால், மெரினாவில் நிற்பவர் 80 மீட்டருக்கும் கீழே இருப்பார்! கருவிக்குள் இருக்கும் ஓர் அட்டவணை இதைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறது. எப்படியும் இது ஏறக்குறைய மாறாத வித்தியாசம் என்பதால், மொத்த ஏற்றத்தைப் பாதிக்காது.

பாதிப்பது அந்த எண்ணின் நடுக்கம். மொத்த ஏற்றத்தைக் கணக்கிடும் நிரலை எளிமையாகச் சொன்னால்: முன்பைவிட இப்போது உயரம் அதிகமா? வித்தியாசத்தைக் கூட்டு. குறைவா? சும்மா விடு. ஏறுவதை மட்டும் கூட்டுவதால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது, குவிந்துகொண்டே போகும். தட்டையான ரோட்டில் பத்து விநாடிக்கு ஒருமுறை உயரம் ஒரு மீட்டர் கூடிக் குறைகிறது என்று வையுங்கள். மூன்று மணி நேரத்தில் 1,080 மீட்டர் ஏறியதாகக் கணக்கு வரும். கிட்டத்தட்ட சேலத்திலிருந்து ஏற்காடு ஏறின மாதிரி!

அதனால் ஒரு வரம்பு வைப்பார்கள்: தொடர்ந்து இத்தனை மீட்டர் ஏறினால்தான் கணக்கு. வரம்பைச் சின்னதாக வைத்தால் நடுக்கம் உள்ளே வந்துவிடும். பெரிதாக வைத்தால் மேம்பாலங்கள் காணாமல் போகும். ஒரே ஃபைலை இரண்டு தளங்களில் ஏற்றினால் இரண்டு விடை வருவது இதனால்தான். யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பாரோமீட்டர் காற்றழுத்தத்தை அளக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். இதற்கான சின்னஞ்சிறு சென்சார்கள் ஒரு மீட்டருக்கும் குறைவான மாற்றத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும், நடுக்கமும் குறைவு. அதனால் ஏற்றத்துக்கு இதைத்தான் நம்பலாம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. வானிலை மாறினால் நின்ற இடத்திலேயே உயரம் மாறும். நம்மூர் மாதிரி வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் அலைபோல தினமும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு. இடையில் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். கருவியைக் காலையில் ஆன் செய்து ஜன்னலோரம் வைத்துவிட்டு மாலையில் பாருங்கள், அசையாமலே இருபது மீட்டருக்கு மேல் ஏறியிருக்கும். இது மெதுவாக நடப்பதால் மொத்த ஏற்றத்தில் பெரிய கேடில்லை. மலையுச்சியின் உயரம்தான் தப்பாக வரும். கிளம்பும் இடத்தின் உயரத்தை முதலிலேயே கருவிக்குச் சொல்லிவிடுவது நல்லது. அந்த உயரம் எங்கே கிடைக்கும்? பக்கத்து ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள்.

சரி, மொபைல் போதாதா? உச்சிவெயிலில் படிக்கும் அளவுக்கு மொபைல் திரையை வெளிச்சமாக்கினால் பேட்டரி கரைந்துவிடும், மொபைலும் சூடாகும். சைக்கிள் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் திரை வெயிலையே திருப்பி அனுப்பித் தெளிவாகத் தெரியும், பின்விளக்கே வேண்டாம். விலை குறைந்த மொபைல்கள் பலவற்றில் பாரோமீட்டரும் கிடையாது.

பேட்டரி எத்தனை மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். விளக்கு, மேப் வழிகாட்டல், இதயத்துடிப்பு சென்சார் எல்லாம் சேர்ந்தால் குறையும். 600 கிமீ பிஆர்எம் 40 மணி நேரம் வரை போகலாம். அதனால் ஓடும்போதே பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏறுமா, அப்போது ரப்பர் மூடி திறந்திருந்தால் மழை உள்ளே போகுமா என்று கடையில் கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்பவர் கொஞ்சமாவது ஓட்டியவர்.

தூரத்துக்குச் சக்கர சென்சார் போட்டால் டயர் சுற்றளவைச் சரியாகக் கொடுங்கள். 700×25 டயருக்கு 2,105 மிமீ, 700×28க்கு 2,136. மாற்றிக் கொடுத்தால் 200 கிமீயில் மூன்று கிமீ பிசகும்.

கடைசியாக, பாரோமீட்டருக்குக் காற்று போக கருவியில் ஒரு நுண்ணிய துளை இருக்கும். வியர்வை உப்பும் மழைநீரும் அதை அடைத்தால் ஏற்றம் தாறுமாறாகக் குதிக்கும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் லேசாக அலசிக் காயவிடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்.