ஜலசந்திக் குரல்கள் – 14: உள்வட்டத்துப் பாடல்கள்

பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் ‘ஆலிகேட்ஸ்’ குழுவைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று. தொடரைக் கைவிடாமல் படித்துவரும் அன்பர்களுக்கு அதை மீண்டும் சொல்லுவது அவசியமில்லை. ஜோகூர் பாருவின் புதல்வியாகிய ஷரிஃபா அய்னியின் மெதுநடைப் பாடல்களைத் திரட்டி வெளிவந்த தொகுப்புகளைப் பற்றியும், அப்பாடல்களில் இழையோடும் ஜோகூர் கஜலின் சாயலைப் பற்றியும் இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். வாக்கின் முற்பாதி இன்று நிறைவேறும். பிற்பாதிக்கு இடம் மிஞ்சுமா என்பது, சில நாட்களாக என் சிந்தையை விட்டகலாமல் இருக்கும் ஒரு சிறிய உண்மை எவ்வளவு இடத்தைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

1953ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி ஜோகூர் பாருவில் பிறந்து, கம்போங் மலாயு மஜிடியில் வளர்ந்து, 1968இல் பாட்டுப் போட்டி ஒன்றில் வென்று, பின்னர் இ.எம்.ஐ. நிறுவனத்தின் இசைத்தட்டுகள் வாயிலாகத் தீபகற்பத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒலித்து, 2014ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, ரமலான் நோன்பு மாதத்தில், தமது 61ஆவது வயதில் மறைந்த அம்மையாரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இம்மாநிலத்தில் யாருக்கும் இல்லை. மலாய் மக்கள் பாசத்தோடு ‘காக் பா’ என்று அழைத்த அந்தக் குரல், குளுவாங், கூலாய், லாயாங்-லாயாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய நம் பெண்கள் அடுப்பு மூட்டும் வேளையிலும் வானொலிப் பெட்டியில் ஒலித்தது. ‘செரி டெவி மாலாம்’ முதலான தொடக்ககாலப் பாடல்களின் மெட்டை, மலாய் மொழியைச் சரளமாகப் பேசத் தெரியாத பாட்டிமார்கூட முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். மலாய்க்காரர்கள் ‘பாலாடா’ என்று சொல்லும் இவ்வகைப் பாடல்களை நம்மவர் ‘மெலடிப் பாட்டு’ என்றார்கள். துயரம் மிகுந்தால் ‘சோகப் பாட்டு’ என்றார்கள். எப்பெயரிட்டாலும் பாட்டு ஒன்றுதான்.

இனி, என்னை ஆட்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

குளுவாங்கில் வானொலிப் பெட்டிகளையும் தட்டுச் சுழலிகளையும் பழுதுபார்த்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இசைத்தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பையும் நடுத்துளையையும் மட்டுமே தொடுவார். விரல் ரேகை பதிந்த தட்டைக் கண்டால் அவருக்கு உணவு இறங்காது. “தம்பி, கேக்கறதுக்கு முன்னாடி தட்டைப் பாரு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடி. ஆட்டப் பாட்டு எங்க இருக்கு, அழுகைப் பாட்டு எங்க இருக்குன்னு கண்ணே சொல்லிடும்” என்பார். உண்மைதான். ஓங்கி ஒலிக்கும் பாட்டுக்குரிய பள்ளக்கோடுகள் அலைந்து அகன்று வெளிச்சத்தைச் சிதறடித்துச் சாம்பல் நிறமாகத் தோன்றும். அடங்கி ஒலிக்கும் பாட்டுக்குரிய கோடுகள் நெருங்கி வழவழப்பாகி, நல்ல கறுப்பாகப் பளபளக்கும். அப்படிச் சாய்த்துப் பார்த்தால், அக்காலத்து நெடுந்தட்டுகள் பலவற்றில் அந்தக் கறுப்பு வளையம் நடுவில் ஒட்டிய காகிதத்தை அடுத்த உள்வட்டத்திலேயே இருக்கும். அதாவது, மெதுநடைப் பாட்டு அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டாக இருக்கும். கேட்போரை உருக்கி அனுப்புவதற்காகவே அப்படி வைத்தார்கள் என்றுதான் நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதனினும் வலிய காரணம் ஒன்று தட்டின் உடம்பிலேயே இருக்கிறது.

78 சுற்றுத் தட்டின் காலத்தில் இந்தப் பிரச்சினை எழவே இல்லை. ஒரு முகத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம், ஒரே பாட்டு, அவ்வளவுதான். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் 12 அங்குல நெடுந்தட்டை வெளியிட்டபோதுதான், ஒரு பக்கத்தில் ஐந்தாறு பாடல்கள் அடுத்தடுத்து அமர, எது முதல், எது கடைசி என்ற ஸ்தான விசாரம் சங்கீதத்துக்குள் புகுந்தது. இத்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி ஆகிறது, தொடக்கத்திலும் 1.8 வினாடிதான், முடிவிலும் 1.8 வினாடிதான். ஆனால் வெளிவிளிம்பில் அந்த ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். ஊசி உள்ளே நகர்ந்து நகர்ந்து கடைசிப் பாட்டின் முடிவுக்கு வரும்போது அதே ஒரு சுற்று ஏறக்குறைய 38 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. வெளியே வினாடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசியின் கீழே ஓடிய பள்ளம், உள்ளே 21 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. மூன்றறை வீட்டில் இருந்த குடும்பத்தைத் தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்றைக்கூட விட்டுவிடாமல் தோட்டத்து ஓரறை லயத்துக்குக் குடிமாற்றுவதைப் போன்ற காரியம் இது. அந்த நெருக்கத்தில் முதலில் நசுங்குவது கூர்மையான ஒலிகள்: கைத்தாளத்தின் சிலிர்ப்பு, எக்காளத்தின் பளீரென்ற முழக்கம், முரசின் விளிம்போசை. ஆகவே, இவையெல்லாம் நிறைந்த ஆட்டப் பாட்டை விசாலமான வெளிவட்டத்தில் குடிவைத்து, வயலின்களும் பியானோவும் அடங்கி ஒலிக்க ஒற்றைக் குரல் நிதானமாக நடக்கும் பாட்டை உள்வட்டத்துக்கு அனுப்புவது, தட்டுத் தயாரிப்போரிடையே உலகெங்கும் பரவிய பழக்கமாயிற்று.

இதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது வேறொன்றும் கைக்கு வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால், நிமிடத்துக்கு 66 அல்லது 67 தட்டு விழும் தாளத்தில் அமைந்த ஒரு பாட்டுக்கு, தட்டு ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஏறக்குறைய இரண்டு எண்ணிக்கை முடியும். மெதுநடைப் பாடல்களில் பெரும்பாலானவை 60க்கும் 80க்கும் இடைப்பட்ட இந்த விளம்ப காலத்திலேயே நடக்கின்றன. கையில் தாளம் போட்டுக்கொண்டு, சுழலும் தட்டின் நடுக்காகிதத்தில் அச்சிட்ட எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அது கண்முன் வந்து திரும்பும் கணமும் விரல் தொடையில் விழும் கணமும் ஒன்றாகிவிடும் ஆனந்தத்தை, அத்தகைய பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து அன்பர்கள் அனுபவித்துப் பார்க்கவேண்டும். இதற்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. 33⅓ என்ற எண்ணைத் தேர்ந்தவர்கள் பாலாடாவை நினைத்துத் தேரவில்லை. ஆயினும் இதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்வட்டத்தில் வாத்தியங்கள் பிழைத்துக்கொள்ளும். பாடகியின் கதி அப்படியல்ல. ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று மென்மையாகப் பாடும் குரலில் ‘ஸ’கரமும் ‘ஷ’கரமும் சீறிக்கொண்டு வரும், அந்தச் சீறல்தான் உள்வட்டத்தில் மிகவும் கரகரத்து உடைவது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்த ஒலிகளை மட்டும் பிடித்து அமுக்குவதற்கென்றே கருவி செய்தார்கள். கருவி ஒருபுறம் இருக்க, மூச்சை வார்த்தையின் பின்னே மறைத்து, மெல்லொலியை உதட்டிலேயே கரைத்துவிடும் பயிற்சி பாடுபவருக்கு வேண்டும். ஷரிஃபா அய்னியின் கீழ்ஸ்தாயிக் குரல் இவ்விடத்தில் செய்யும் வேலை அபாரமானது. வரி முடியும் இடத்தில் குரலை உடனே அசைக்காமல், சுரத்தைச் சிறிது நேரம் நேராகப் பிடித்துவைத்து, அது தானாகத் தளரும் தறுவாயில் மெல்லிய அசைவொன்றைச் சேர்த்து விடுவித்துவிடுகிறார். தேய்ந்த தட்டிலும் அது தெளிவாகக் கேட்கிறது. தேய்மானத்தையும் மீறி நிற்பது என்னவோ அதுதான்.

இப்போது தொகுப்புக்கு வருவோம். ஒரு பாடகியின் பல தட்டுகளிலிருந்து மெதுநடைப் பாடல்களை மட்டும் பொறுக்கி ஒன்றுசேர்க்கிறோம் என்றால், வெவ்வேறு தட்டுகளின் உள்வட்டத்தில் குடியிருந்தவர்களில் பலரை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருகிறோம் என்பதே பொருள். அவர்களில் இரண்டு பாடல்களாவது, நெடுந்தட்டின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக, முதன்முறையாக வெளிவட்டத்துக்கு வரவேண்டியிருக்கிறது. இதுவரை வெளிச்சத்திலிருந்த ஒரு பிரபலப் பாட்டு உள்ளே போகவேண்டியிருக்கிறது. தொகுப்பைச் செய்பவரின் ரசனை முழுவதும் இந்தத் தேர்வில் வெளிப்பட்டுவிடும். அதைவிடக் கடுமையான சோதனை பாடுபவருக்கு. சாதாரணத் தட்டில் இரண்டு துள்ளல் பாடல்களுக்குப் பின் வரும் மெதுநடைப் பாட்டு, அந்த மாற்றத்தினாலேயே பாதி மதிப்பெண் பெற்றுவிடுகிறது; தொகுப்பிலோ அதற்கு முன்னும் பின்னும் அதே நடை, அதே வயலின்கள், அதே பிரிவாற்றாமை. பன்னிரண்டு பாடல்களைச் சேர்ந்தாற்போல் கேட்டும் சலிப்புத் தட்டாமல் இருந்தால், அந்தப் பாடகிக்கு ஒரே உணர்ச்சியை வெவ்வேறு அழுத்தத்தில் சொல்லத் தெரிந்திருக்கிறது என்று தீர்மானிக்கலாம். ஷரிஃபா அய்னியின் தொகுப்புகள் இச்சோதனையில் தேறுகின்றன என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரு பாட்டில் மன்றாடுகிறார். அடுத்ததில் அதே துயரத்தை நிமிர்ந்த தலையோடு அறிவிக்கிறார். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதே இல்லை.

மெதுநடைத் தொகுப்பினால் ஒரு பாடகியின் கீர்த்தியே திசைமாறக்கூடும் என்பதற்கு மேலை நாட்டில் பெரிய உதாரணம் உண்டு. ஆட்டப் பாடல்களாலும் ஓயாத சர்ச்சைகளாலும் உலகம் அறிந்த மடோனா, 1995 நவம்பரில் ‘சம்திங் டு ரிமெம்பர்’ என்ற பெயரில் தமது மெதுநடைப் பாடல்களை மட்டும் தொகுத்து வெளியிட்டார். தம்மைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தில் தம் சங்கீதம் கவனிக்கப்படாமல் போயிற்று என்ற கருத்தை அதன் முன்னுரையில் அவரே எழுதினார். நம் வாசகர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது வேறு: அத்தொகுப்பில் ‘கிரேஸி ஃபார் யூ’, ‘லிவ் டு டெல்’ உட்படப் பல பாடல்கள் திரைப்படங்களுக்காகப் பாடப்பட்டவை. அவற்றுள் 1992இல் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ‘திஸ் யூஸ்டு டு பீ மை பிளேகிரவுண்டு’ என்ற பாட்டு, மூன்றாண்டுகள் கழித்து இந்தத் தொகுப்பில்தான் அவருடைய சொந்த ஆல்பம் ஒன்றில் முதன்முறையாக இடம்பெற்றது. வீடில்லாமல் அலைந்த பாட்டுக்குத் தொகுப்பு வீடாயிற்று.

அதற்குள் உள்வட்டத்தின் தொல்லையும் நீங்கியிருந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேசட், வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற ஒரே வேகத்தில் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடுவது. அதில் உள்ளுமில்லை, வெளியுமில்லை. நம் நாட்டில் பாசார் மாலாம் கடைகளில் குவிந்திருந்த மெதுநடைத் தொகுப்புகளில் பெரும்பாலானவை கேசட்டுகளே. 1982இல் குறுந்தட்டு வந்தபோதோ காரியம் தலைகீழாயிற்று: அதில் ஒளிக்கதிர் உள்ளிருந்து வெளியே செல்கிறது, முதற்பாட்டுக்கே உள்வட்டம். ஆனால் தட்டு உள்ளே நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும், வெளியே 200 சுற்றுமாகத் தன் வேகத்தை மாற்றி மாற்றி ஓடுவதால், எல்லாப் பாட்டுக்கும் ஒரே விசாலம். நெடுந்தட்டுக் காலத்தில் கடைசியில் உட்கார்ந்த பாட்டு, குறுந்தட்டுத் தொகுப்பில் அதே உள்வட்டத்தில், முதற்பாட்டு என்ற பெருமையோடு உட்காரலாம்.

தொகுப்புகளைப் பற்றி ஒரு குறை மட்டும் சொல்லவேண்டும். பாட்டு முதலில் வெளிவந்த ஆண்டையோ, வாத்திய அமைப்புச் செய்தவரின் பெயரையோ அச்சிடாமல் வெளிவரும் திரட்டுகளைப் பல பாடகர்களின் விஷயத்தில் பார்க்கிறேன். பதினேழு வயதுக் குரலையும் நாற்பது வயதுக் குரலையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, எது எதுவென்று சொல்லாமல் விடுவது பாடியவருக்குச் செய்யும் நியாயமாகாது. நான்கு வரி கூடுதலாக அச்சிட என்ன செலவாகிவிடும்?

கஜலுக்கு இடமில்லாமல் போயிற்று. ஹார்மோனியமும் தபேலாவும் நம் பஜனை மடங்களுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருக்கும் அன்பர்கள், அவை கம்பூஸ், வயலின் ஆகியவற்றோடு கூடி ஜோகூர் மலாய்க்காரர்களின் சொந்தச் சங்கீதமாக எப்படி மாறின, அதில் ‘பாக் லோமாக்’ என்று பெயர்பெற்ற ஹாஜி மூசாவின் பங்கு என்ன, அந்தக் கஜலின் கமகம் ஷரிஃபா அய்னியின் வரிமுடிவுகளில் எவ்விடத்தில் வந்து தங்குகிறது என்பனவற்றை அடுத்த இதழில் காண்க. அம்போனில் பிறந்த ப்ரோரி மரந்திகாவோடு அவர் இணைந்து பாடிய பாடல்களும் அப்போதே.