நாய்க்குப் போட்ட மருந்து, பூனைக்கு வந்த நடுக்கம்

எங்க போடி வீட்டுல மனுஷங்க நாலு பேர். மத்தபடி ரெண்டு நாய், மூணு பூனை, ஒரு வெள்ளாடு, எண்ணி முடிக்காத கோழிகள். காலையில ஆடு கத்தும். உடனே நாய் குரைக்கும், கோழி கூரையேறும், அம்மாச்சி எல்லாரையும் சேர்த்துத் திட்டும். எங்களுக்கு அலாரமே தேவையில்லை.

பெரிய நாய் செவலை, கோம்பை ஜாதி. கோம்பை ஊரே எங்களுக்குப் பக்கம்தான், அதனால அதுக்கு வீட்டுல கொஞ்சம் ஓவர் மரியாதை. அப்பா ஏலக்காட்டுக்கு ஜீப்புல கிளம்பினா அதுவும் ஏறிக்கும். சாயங்காலம் போடிமெட்டு வளைவெல்லாம் இறங்கி, காது நிறைய உண்ணியோட திரும்பும். ராத்திரி சாம்பல் பூனை அதோட வயித்துல தலை வச்சுத் தூங்கும். வினை அங்கதான் வந்துச்சு.

உண்ணியை விடவும் முடியாது. அது கடிச்சா எர்லிக்கியா மாதிரி கிருமி நாயோட ரத்தத்துல ஏறி, தட்டணுக்கள் குறைஞ்சு, உயிருக்கே ஆபத்தாகும். அதனால, மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை எடுத்து நாய்க்குத் தடவினோம். நாய்க்கு ஒண்ணும் ஆகலை. விடியறதுக்குள்ள பூனைக்கு உடம்பெல்லாம் நடுக்கம், வாயில எச்சில், நிக்கவே முடியலை.

டாக்டர் சொன்னப்பதான் புரிஞ்சது. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் பைரித்ராய்டுங்கிற ஒரே குடும்பம். நரம்பை ஓயாம துடிக்க வச்சுப் பூச்சியைக் கொல்லும். நாயோட கல்லீரல் இதைச் சிதைச்சு வெளியேத்திடும். பூனையோட கல்லீரலுக்கு அந்தத் திறன் ரொம்பக் கம்மி. பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லலாம்ங்கிறதுக்கும் இதே குறைதான் முக்கியக் காரணம். நம்ம பூனை மருந்தைக் குடிக்கலை. நாய் மேல உரசிட்டு, தன்னோட முடியைத் தானே நக்கியிருக்கு, அவ்வளவுதான்.

இதுக்குன்னு தனி மாற்று மருந்து கிடையாது. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு லிக்விட் போட்டுக் குளிப்பாட்டணும். சுடுதண்ணி வேண்டாம். துவட்டி, துண்டுல சுத்தி, உடனே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். நடுக்கத்தை அடக்க அவர்தான் ஊசி போடணும். எங்க பூனை ரெண்டு நாள் கழிச்சு எழுந்து, முதல் வேலையா ஒரு கோழிக்குஞ்சை முறைச்சுது.

இப்போ நாய்க்கு டாக்டர் எடை பாத்துக் கொடுக்கிற மாத்திரைதான். மருந்து ரத்தத்துல இருக்கும், முடியில ஒட்டாது, பூனை தாராளமா மேல படுக்கலாம். ஏலக்காட்டுல அடிக்கிற பூச்சிமருந்துலயும் இந்தக் குடும்பம் உண்டு. அதனால மருந்தடிக்கிற அன்னைக்கு நாய்க்கு ஜீப்புல இடம் இல்லை. கேட்டுகிட்ட உக்காந்து ஊருக்கே கேக்குற மாதிரி ஊளையிடும். அம்மாச்சி மறுபடி திட்ட ஆரம்பிக்கும்.