ஒரே நாடு, ஒரே வைரஸ், மூன்று தீர்ப்பு: பாதியில் நின்ற இங்கிலாந்து ஃபுட்பால் சீசன் எப்படி முடிந்தது?

2020 ஜூன் 17. பர்மிங்ஹாமில் உள்ள வில்லா பார்க் மைதானம். 42-வது நிமிடம். ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஆலிவர் நார்வுட் அடித்த ஃப்ரீ கிக்கைப் பிடித்த ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் ஒர்யான் நீலண்ட், பந்தோடு சேர்ந்து கோல் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். டிவியில் பார்த்த அத்தனை பேருக்கும் அது கோல் என்று தெரிந்தது. ஆனால், ரெஃப்ரி மைக்கேல் ஆலிவரின் கையில் இருந்த வாட்ச் அதிரவில்லை. பந்து கோட்டைத் தாண்டினால் சிக்னல் அனுப்ப வேண்டிய ஹாக்-ஐ தொழில்நுட்பம் அன்றைக்குப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. விஏஆர் தரப்பும் தலையிடவில்லை. மேட்ச் 0-0 என முடிந்தது.

'ஏழு கேமராக்களையும் வீரர்கள் மறைத்துவிட்டார்கள். 9,000-க்கும் மேற்பட்ட மேட்ச்களில் இப்படி நடந்ததே இல்லை' என்று ஹாக்-ஐ பிறகு மன்னிப்பு கேட்டது. 100 நாள் இடைவெளிக்குப் பிறகு பிரீமியர் லீக் மீண்டும் தொடங்கிய முதல் மேட்ச் அது. காலி கேலரி, ஆள் இல்லாத சத்தம், இப்படி ஒரு கூத்து.

சீசன் முடிந்தபோது வில்லாவுக்கு 35 புள்ளிகள். கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட போர்ன்மவுத், வாட்ஃபோர்டு இரண்டுக்கும் தலா 34. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று போர்ன்மவுத் ரசிகர்களிடம் கேட்டால் இன்றைக்கும் ஜூன் 17 என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் கதையின் விசித்திரமான பகுதி இதுவல்ல. லீக் மீண்டும் தொடங்காமலேயே போயிருந்தால், இதே வில்லாதான் இறங்கியிருக்கும். எப்படி? அதைப் புரிந்துகொள்ள மார்ச் மாதத்துக்குப் போகவேண்டும்.

எப்படி நின்றது?

மார்ச் 9 அன்று லெஸ்டர், வில்லாவை 4-0 என அடித்தது. நிறுத்தத்துக்கு முந்தைய கடைசி பிரீமியர் லீக் மேட்ச் அதுதான். மார்ச் 11-ல் ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் அட்லெடிகோ மாட்ரிட்டும் சாம்பியன்ஸ் லீக்கில் மோதின. மாட்ரிட்டில் ஏற்கெனவே பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கிருந்து சுமார் 3,000 ரசிகர்கள் விமானம் ஏறி லிவர்பூலுக்கு வந்து கேலரியில் உட்கார்ந்தார்கள். அந்த மேட்ச்சை நடத்தியிருக்கவே கூடாது என்ற விவாதம் அதன்பிறகு ஓயவே இல்லை.

மறுநாள் இரவு ஆர்சனல் பயிற்சியாளர் மிகெல் ஆர்டெட்டாவுக்கு கொரோனா பாசிட்டிவ். மார்ச் 13 காலை எல்லாம் நின்றது. முதலில் சொன்னது 'ஏப்ரல் 4 வரை'. நம் ஊரில் '21 நாள்' என்று தொடங்கியது மாதிரிதான்.

(சொல்லப்போனால் மார்ச் 14-ல் நம்ம சென்னையின் எஃப்சி, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் ஐஎஸ்எல் ஃபைனல் ஆடியது. ஏடிகே-விடம் 1-3 என தோல்வி. டிசம்பரில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்த பிறகு ஃபைனல் வரை போனது. அதைப் பார்க்க மைதானத்தில் ஒரு ரசிகர்கூட கிடையாது.)

பிரீமியர் லீக் நின்றபோது பாக்கி 92 மேட்ச்கள். லிவர்பூல் 29 மேட்ச்களில் 82 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் இருந்த மான்செஸ்டர் சிட்டியைவிட 25 புள்ளிகள் அதிகம். 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில். அந்த நேரம் பார்த்து, 'மொத்த சீசனையும் ரத்து செய்துவிடலாமே' என்று ஒரு பத்தியில் எழுதினார் வெஸ்ட் ஹாம் துணைத் தலைவர் கேரன் பிரேடி. வெஸ்ட் ஹாம் அப்போது இறங்கும் இடத்துக்கு இரண்டு படி மேலே, கோல் வித்தியாசத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தீர்ப்பு 1: ஆடி முடி

மேல் இரண்டு டிவிஷன்களும் இதைத்தான் தேர்ந்தெடுத்தன. காரணம், பணம். டிவி ஒப்பந்தப்படி மேட்ச் காட்டாவிட்டால் ஒளிபரப்பாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆடி முடித்தும்கூட, தாமதத்துக்காக சுமார் 330 மில்லியன் பவுண்ட் திருப்பித் தரவேண்டியிருந்தது எனச் செய்திகள் வந்தன. ஆடாமல் விட்டிருந்தால்?

மே 17, 18 தேதிகளில் முதல் சுற்றுப் பரிசோதனை நடந்தது. 748 பேரில் 6 பேருக்குப் பாசிட்டிவ். வாட்ஃபோர்டு கேப்டன் டிராய் டீனி, 'என் ஐந்து மாதக் குழந்தைக்கு மூச்சுப் பிரச்னை இருக்கிறது, பயிற்சிக்கு வரமாட்டேன்' என்றார். பிறகு விளக்கங்கள் கிடைத்ததும் வந்தார். ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த நமக்கு அது புரியும்.

இன்னொரு சிக்கல், ஜூன் 30. வீரர்களின் ஒப்பந்தங்கள் வழக்கமாக அந்தத் தேதியில்தான் முடியும். ஆனால் சீசன் முடிந்ததோ ஜூலை 26-ல். போர்ன்மவுத்தின் ரயான் ஃப்ரேசர் குறுகிய கால நீட்டிப்புக்கு ஒப்புக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். நோட்டீஸ் பீரியட் முடிந்ததும் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிற மாதிரி. கிளப் ஒரு புள்ளியில் இறங்கியது. இவர் இருந்திருந்தால் மாறியிருக்குமா என்பது யாராலும் முடிக்க முடியாத விவாதம்.

இப்போது வில்லா கணக்குக்கு வருவோம். நிறுத்தத்தின்போது வில்லா 28 மேட்ச்களில் 25 புள்ளிகள், 19-வது இடம். சராசரி எடுத்தால் ஒரு மேட்ச்சுக்கு 0.89. போர்ன்மவுத், வாட்ஃபோர்டு, வெஸ்ட் ஹாம் மூன்றும் 29 மேட்ச்களில் 27 புள்ளிகள், அதாவது 0.93. ஆக, சராசரி முறையில் இறங்கியிருக்க வேண்டியவை நார்விச், வில்லா, போர்ன்மவுத். வாட்ஃபோர்டு தப்பித்திருக்கும்.

நடந்தது என்ன? வில்லா கடைசி 4 மேட்ச்களில் 8 புள்ளிகள் எடுத்து மேலே ஏறியது. வாட்ஃபோர்டு, இரண்டு மேட்ச் மட்டுமே பாக்கி இருக்கும்போது பயிற்சியாளர் நைஜல் பியர்சனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானும் இறங்கியது. நார்விச் மீண்டும் தொடங்கிய பிறகு ஆடிய 9 லீக் மேட்ச்களிலும் தோற்றது. அவர்களுக்கு எந்த முறையும் உதவியிருக்காது, விடுங்கள்.

லிவர்பூல்? ஜூன் 25-ல் செல்சி, சிட்டியை 2-1 என வீழ்த்தியதும் சாம்பியன். இறுதியில் 99 புள்ளிகள்.

தீர்ப்பு 2: சராசரி போடு

மூன்றாவது, நான்காவது டிவிஷன்களான லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றுக்கு டிவி பணம் குறைவு. டிக்கெட் விற்றால்தான் சம்பளம். ரசிகர்கள் இல்லாமல், பரிசோதனைச் செலவும் செய்து ஆடினால் ஒவ்வொரு மேட்ச்சும் நஷ்டம். ஜூன் 9-ல் கிளப்கள் ஓட்டுப் போட்டு சீசனை முடித்துக்கொண்டன. இறுதிப் பட்டியலுக்கு 'பாயின்ட்ஸ் பெர் கேம்' முறை. எடுத்த புள்ளிகளை ஆடிய மேட்ச்களால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க நியாயமாக இருக்கும். கிரிக்கெட்டில் மழை வந்தால் டக்வொர்த்-லூயிஸ் வருவதுபோல என்று நினைக்கலாம். ஆனால் டக்வொர்த்-லூயிஸ் கையில் எத்தனை விக்கெட், எத்தனை ஓவர் பாக்கி என்றெல்லாம் பார்க்கும். இந்தச் சராசரி எதையும் பார்க்காது. மீதி மேட்ச்கள் பலமான அணிகளோடா, பலவீனமான அணிகளோடா? சொந்த ஊரிலா, வெளியூரிலா? அணி ஃபார்மில் இருக்கிறதா? எதுவும் கணக்கில் இல்லை. ஒன்பது மாத வேலையை வைத்து வருட அப்ரைசலை முடிக்கிற மாதிரி. கடைசி மூன்று மாதத்தில் பெரிய ப்ராஜெக்ட் வைத்திருந்தவரின் கதி?

அப்படி மாட்டிக்கொண்டது ட்ரான்மியர் ரோவர்ஸ். 34 மேட்ச், 32 புள்ளிகள். அதற்கு மேலே இருந்த ஏஎஃப்சி விம்பிள்டன் 35 மேட்ச், 35 புள்ளிகள். மூன்று புள்ளி பின்னால், ஆனால் கையில் ஒரு மேட்ச் அதிகம். அதோடு கடைசியாக ஆடிய மூன்று மேட்ச்களையும் ட்ரான்மியர் வென்றிருந்தது. சராசரியில் 0.94-க்கு 1.00. இறங்கியது ட்ரான்மியர். கிளப் தலைவர் மார்க் பேலியோஸ், இங்கிலாந்து ஃபுட்பால் சங்கத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி. இந்தக் கணக்கில் உள்ள பிழை வாய்ப்பையும் சேர்த்துக் கணிக்கும் மாற்று முறை ஒன்றை அவருடைய கிளப் முன்வைத்தது. மற்ற கிளப்கள் ஏற்கவில்லை. இதைக் கணித விவாதம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் இறங்க வேண்டும் என்று, இறங்காதவர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள்.

அதே டிவிஷனில் எதிர்த் திசையில் நடந்தது வைகோம்ப் வாண்டரர்ஸ் கதை. 8-வது இடத்தில் இருந்தார்கள். ப்ளே-ஆஃப் ஆட முதல் 6 இடங்களுக்குள் வரவேண்டும். 34 மேட்ச்களில் 59 புள்ளிகள், சராசரி 1.74. வகுத்துப் பார்த்ததும் நேராக 3-வது இடம்! 6-வது இடத்தில் இருந்த பீட்டர்பரோ, அதே 59 புள்ளிகளை 35 மேட்ச்களில் எடுத்திருந்ததால் 7-வதுக்குத் தள்ளப்பட்டு வெளியே. வைகோம்ப் ஜூலை 13-ல் வெம்பிளியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என வென்று, வரலாற்றில் முதல்முறையாக இரண்டாவது டிவிஷனுக்குப் போனது. அடுத்த வருடமே ஒரு புள்ளி வித்தியாசத்தில் திரும்பி வந்துவிட்டது. அதே வருடம் பீட்டர்பரோ மேலே ஏறியது.

பெண்கள் சூப்பர் லீகிலும் இதே சராசரிதான், ஆனால் அங்கே சாம்பியனே மாறினார். மான்செஸ்டர் சிட்டி 16 மேட்ச்களில் 40 புள்ளிகளுடன் முதலிடம். செல்சி 15 மேட்ச்களில் 39. சராசரி 2.5-க்கு 2.6. கோப்பை செல்சிக்கு. பரிசுப் பணம் ஒரு லட்சம் பவுண்டை, குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் 'ரெஃப்யூஜ்' அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசி இடத்தில் இருந்து இறக்கப்பட்டது லிவர்பூல் பெண்கள் அணி. ஜூன் 5-ல் அந்த அறிவிப்பு வந்தது. இருபதே நாளில் அதே கிளப்பின் ஆண்கள் அணி சாம்பியன். ஆண்களுக்கு மட்டும் வாரம் இருமுறை பரிசோதனை நடத்தி, சீசனை ஆடி முடிக்கப் பணம் இருந்தது. பெண்களுக்கு மே 25-லேயே கதவைச் சாத்திவிட்டார்கள்.

தீர்ப்பு 3: அழித்துவிடு

ஏழாவது அடுக்குக்கும் அதற்குக் கீழும் ஆண்கள் அணிகளுக்குக் கிடைத்தது இதுதான். மார்ச் 26-லேயே, அதாவது லீக் நின்று இரண்டே வாரத்தில், அந்த டிவிஷன்களின் முடிவுகள் எல்லாம் பதிவிலிருந்து நீக்கப்படும் என ஃபுட்பால் சங்கம் அறிவித்தது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை ஆடியது எதுவும் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஜெர்ஸி தீவிலிருந்து வந்த புது அணி ஜெர்ஸி புல்ஸ். பத்தாவது அடுக்கில் முதல் சீசன். ஆடியது 27, வென்றது 27. ஏற்றம் உறுதியாகிவிட்டது. எல்லாம் அழிக்கப்பட்டது. ஏழாவது அடுக்கில் சவுத் ஷீல்ட்ஸ் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அவர்கள் நடுவர் மன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

நெதர்லாந்தும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்தது. அயாக்ஸ், ஏஇசட் இரண்டும் 56 புள்ளிகளில் சமமாக நின்றபோது சீசன் முடிக்கப்பட்டது. சாம்பியன் யாரும் இல்லை. இரண்டாவது டிவிஷனில் முதலிடத்தில் இருந்த கேம்ப்யூருக்கு ஏற்றமும் இல்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், பலனில்லை. பிரான்ஸிலோ பிஎஸ்ஜி-க்குக் கோப்பை கொடுத்து, அமியன், துலூஸ் இரண்டையும் இறக்கினார்கள். ஜூன் 9-ல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இறக்கத்தை நிறுத்திவைத்தது. அதே மாதத்தில் மீண்டும் இறக்கினார்கள்.

அப்போ, எது சரியான முறை?

ஆடி முடிப்பதுதான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு டிவிஷனிலும் அதைத் தீர்மானித்தது கையிருப்பு. பணம் இருந்த இடத்தில் ஆட்டம், கொஞ்சம் குறைந்த இடத்தில் வகுத்தல், இல்லாத இடத்தில் ரப்பர். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: பாதியில் நின்றால் என்ன செய்வது என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பட்டியலைப் பார்த்த பிறகு விதி எழுதினால், ஒவ்வொரு கிளப்பும் தன் இடத்தைப் பார்த்துத்தான் கை தூக்கும்.

அடுத்த சீசனும் கீழ் டிவிஷன்களில் பாதியிலேயே நின்றது. ஜெர்ஸி புல்ஸ் 2021-ல் ஒருவழியாக மேலே ஏற்றப்பட்டது. சவுத் ஷீல்ட்ஸ் அந்த லீகை வென்று மேலே போக 2023 வரை காத்திருந்தது.