வீட்டில் கத்தி தீட்டும் முறை

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலையை அடுத்த எல்லைச் சிற்றூர்களில் மரச்சீனியும் பலாவும் தேங்காயும் சமையலின் முதன்மைப் பொருள்களாகும். மரச்சீனிக் கிழங்கு நீர் பட்டவுடன் வழுக்கும். பலாவின் பிசின் கத்தியைப் பற்றிக்கொள்ளும். மழுங்கிய கத்தியை மிகுந்த விசையுடன் அழுத்த வேண்டியிருப்பதால், அது நழுவுங்கால் அவ்விசை முழுவதும் கையின் மேற் பாய்கிறது. கூரிய கத்தியினும் மழுங்கிய கத்தியே அபாயகரமானது என்பது இதனால் விளங்கும்.

தீட்டுதலாவது எஃகைத் தேய்த்துக் குறைத்தல். ஆதலின் தேய்க்கும் பொருள் எஃகினும் கடினமாயிருத்தல் அவசியம். மோஸ் அளவையில் பதமேற்றிய எஃகின் கடினம் ஏறக்குறைய 6, குவார்ட்ஸ் 7, குருந்தக்கல் 9. (குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆயிற்று.) பனையேறிகள் மரப்பலகையில் வெண்கற்பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதும் இத்தத்துவம் பற்றியதே. கடையில் விற்கும் கார்போரண்டம் கல், அச்சிஸன் என்ற அமெரிக்கர் 1891-ல் மின்சார உலையில் ஆக்கிய சிலிக்கன் கார்பைடினாலாயது. இது குருந்தத்தினும் சற்றுக் கடினமானது.

கல்லை நனைத்து, ஈரச் சாக்கின்மேல் அசையாதவாறு வைத்துக்கொள்க. கத்தியைக் கல்லின்மேற் சாய்க்கும் கோணமே இதில் முக்கியமானது. சதுரக் காகிதத்தின் மூலையை ஒருமுறை மடித்தால் 45 பாகையும், மறுமுறை மடித்தால் 22½ பாகையும் கிடைக்கும். காய்கறிக் கத்திக்கு அதனினும் சிறிது தாழ்ந்த சாய்வு பொருந்தும். தேங்காய் வெட்டும் கத்திக்கு இச்சாய்வு போதாது. விளிம்பு மெலிந்து பல் விழுந்துவிடும். சொரசொரப்பான பக்கத்தில் ஒருபுறம் தேய்த்துவர, மறுபுற விளிம்பில் மெல்லிய பிசிர் எழும். விரலை முதுகுப்புறத்திலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல இழுத்தால் அது தட்டுப்படும்; விளிம்பின் நெடுக்கே விரலை ஓட்டலாகாது. பிசிர் முழு நீளத்திலும் எழுந்த பின்னரே கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: பிசிர் எழுமுன் திருப்பிவிட்டுக் கல்லைக் குறை கூறுவர். பின் நுண்ணிய பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்து, இருபுறமும் மாறிமாறித் தேய்த்தால் பிசிர் உதிரும்.

அரிவாள்மணையில் அலகு நிலையாயிருப்பதால் கல்லையே அலகின்மேல் நகர்த்த வேண்டும். விரைந்து சுழலும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் விளிம்பு நீலம் பாரித்தால், உஷ்ணம் ஏறக்குறைய 300 பாகை சென்டிகிரேடை எட்டிவிட்டதென்று அறியலாம்; அவ்விடத்தில் எஃகின் பதம் இளகிவிடும். பிறகு எத்துணை தீட்டினும் கூர் நில்லாது. அந்நீலப் பகுதியைத் தண்ணீர்க் கல்லில் மெல்லத் தேய்த்தே நீக்குதல் வேண்டும்.